சொல்தா தாத்தாவும் செனகலும்

புதுச்சேரிக்கு நீங்கள் ஒரு தடவையாவது வந்திருப்பீர்கள். மணக்குள விநாயகரைக் கும்பிட்டு, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அது உங்கள் பாடு. ஆனால் ஜூலை 14ஆம் தேதி காலையில் அதே கடற்கரைச் சாலைக்கு வந்திருக்கிறீர்களா? காந்தி சிலைக்குக் கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே கோட்டுப் போட்டு, நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு, வியர்வை வழிய நிற்கும் கிழவர்களைப் பார்க்கலாம். முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து வீட்டு முனுசாமி. பாஸ்போர்ட்டைப் பார்த்தால் பிரெஞ்சுக் குடிமகன்!

எங்கள் ஊரில் இவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா, ஆப்பிரிக்கா என்று சுற்றிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். சொல்தா வீடு, சொல்தா பொண்டாட்டி, சொல்தா பேரன் என்று குடும்பத்துக்கே அது பட்டப்பெயராகிவிடும்.

இந்தக் குடியுரிமை எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அன்றிலிருந்து ஆறு மாசம் டயம் கொடுத்தார்கள். இங்கே பிறந்து இங்கேயே வசிக்கிறவர்கள் சும்மா இருந்தால் இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே தொடர வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. அண்ணன் போட்டான், தம்பி போடவில்லை. போட்டவன் பேரன் இன்றைக்குப் பாரிஸ் புறநகரில் மெட்ரோவில் போகிறான். போடாதவன் பேரன் பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். என் தாத்தா போடாதவர். அதற்கு அவர் சொன்ன காரணம், "அன்னிக்கு மில்லுல எனக்கு ஷிப்ட்டுப்பா!" வேடிக்கையாகத்தான் சொல்வார். பாதி நிஜம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, கதைக்கு வருகிறேன். 2002 மே 31, வெள்ளிக்கிழமை. கத்திரி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, ஆனால் வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நாட்டின் கவனமெல்லாம் மேற்கிந்தியத் தீவுகளில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கங்குலி குழுவின் மேல். குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டும் பேச்சே வேறு. சாயங்காலம் 5 மணிக்கு சியோலில் உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம். பிரான்ஸும் செனகலும்.

பிரான்ஸ் 1998ல் உலக சாம்பியன். 2000ல் ஐரோப்பிய சாம்பியன். அந்த சீசனில் இங்கிலாந்து லீகில் அதிக கோல் அடித்தவர் ஹென்றி. இத்தாலியில் அதிக கோல் கணக்கில் ஒருவரோடு முதலிடத்தைப் பங்கு போட்டவர் த்ரெசெகே. பிரெஞ்சு லீகில் அதே மாதிரி முதலிடத்தைப் பங்கு போட்டவர் சிஸ்ஸே. மூன்று பேரும் ஒரே அணியில்! செனகலுக்கோ அதுதான் முதல் உலகக் கோப்பை. 1960 வரை பிரான்ஸின் காலனியாக இருந்த நாடு. 'பாவம், எத்தனை கோல் வாங்கப் போறானுங்களோ' என்பதுதான் டீக்கடைக் கணிப்பு.

ஒரே ஒரு நெருடல். நான்கைந்து நாள் முன்னால் தென்கொரியாவோடு நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜிதானுக்குத் தொடையில் அடி. அன்றைக்கு அவர் ஆடவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு சொல்தா தாத்தா வீடு. தெருவிலேயே பெரிய டிவி அவரிடம்தான். கூடத்தில் அவர் ஈசிசேரில், பேரன் தரையில். லீசேயில் படிக்கிற பதினாலு வயசுப் பையன், முகத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று கோடு இழுத்திருந்தான். நான் ஜன்னல் பக்கம். வாசற்படியில், துணி தேய்க்கிற வண்டியை நிழலில் ஓரங்கட்டிவிட்டு, எங்கள் தெரு இஸ்திரிக்காரர். அவருக்கு இரண்டு நாடும் ஒன்றுதான். "யாரு சின்னவன்? அந்தக் கறுப்பா? அப்ப நான் அவன் கட்சி" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பிரான்ஸ் அணியைப் பார்த்ததும் குழம்பிவிட்டார். "இதுலயும் பாதிப் பேரு அவங்க ஆளுங்களாத்தானே இருக்காங்க?"

அவர் கேட்டது தப்பே இல்லை. பிரான்ஸ் அணியின் வியெரா பிறந்ததே டாக்கரில், அதாவது செனகலின் தலைநகரில். கேப்டன் தெசாயி பிறந்தது கானாவில். துராம் குவாதலூப் தீவுக்காரர். இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். அன்று களமிறங்கிய பிரான்ஸின் பதினொரு பேரில் பிரெஞ்சு லீகில் ஆடியவர் லெபெஃப் ஒருவர்தான். மற்றவர்கள் இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று போய்விட்டவர்கள். செனகலின் பதினொரு பேருமே பிரெஞ்சு கிளப்புகளில் ஆடுகிறவர்கள்! அவர்கள் கோச் புருனோ மெத்சுவும் பிரெஞ்சுக்காரர். அப்படிப் பார்த்தால் அன்றைக்கு உண்மையான பிரெஞ்சு டீம் எது? நீங்களே சொல்லுங்கள்.

தேசிய கீதம் ஆரம்பித்தது. பிரெஞ்சு கீதத்துக்குத் தாத்தா ஈசிசேரிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார். அது எதிர்பார்த்ததுதான். 98 இறுதியாட்டத்திலும் அப்படித்தான் நின்றார். ஆனால் செனகல் கீதத்துக்கும் நின்றார்.

"தாத்தா உட்காருங்க... இது நம்ம பாட்டு இல்ல" என்றான் பேரன்.

தாத்தா உட்காரவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பட்டாளத்து மரியாதை என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தில் முதலில் பிரான்ஸ் கைதான் ஓங்கியிருந்தது. த்ரெசெகே அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பேரன் தரையை ஓங்கிக் குத்தினான். முப்பதாவது நிமிஷம். நடு மைதானத்தில் பிரான்ஸ் பந்தைத் தவறவிட, தியூஃப் இடது பக்கமாகப் பாய்ந்தார். குறுக்கே வந்த லெபெஃபைத் தாண்டி உள்ளே தட்டிவிட்டார். பெத்தியின் காலிலும் கோலி பார்த்தேஸின் உடம்பிலும் பட்டுக் குழம்பிய பந்து, விழுந்தபடியே வந்துகொண்டிருந்த பாப்பா பூபா தியோப்பிடம் போய்ச் சேர்ந்தது. கிடந்த வாக்கில் ஒரு தட்டு. கோல்!

அழகான கோல் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன். வழுக்கி விழுந்தவன் கையில் தேங்காய் கிடைத்த மாதிரி. அதற்கப்புறம் நடந்ததுதான் அழகு. தியோப் மூலைக் கொடிக்கு ஓடினார், தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் புல்லில் விரித்தார். எல்லோரும் அதைச் சுற்றி நின்று இடுப்பை வளைத்து ஆட ஆரம்பித்தார்கள். நம்மூரில் கும்மியடிக்கிற மாதிரியே இருந்தது. வாசற்படி இஸ்திரிக்காரர் எழுந்து ரெண்டு தட்டுத் தட்டினார். பேரன் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

மீதி அறுபது நிமிஷம் பிரான்ஸ் முட்டி மோதியது. ஹென்றி அடித்தது மேல் கம்பியில். பதிலுக்கு செனகலின் ஃபதிகா அடித்ததும் மேல் கம்பியில்தான். கோலி டோனி சில்வா எல்லாவற்றையும் பிடித்தார். இந்த சில்வா, தன் மொனாக்கோ கிளப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்த கோலி. கடைசி விசில். ஒன்றுக்கு பூஜ்யம்.

செனகலில் மறுநாள் சொல்லவே வேண்டாம், அன்றே லீவு விட்டுவிட்டார் ஜனாதிபதி அப்துலாய் வாத். எங்கள் தெருவில் பேரன் முகத்தைக் கழுவக்கூட இல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பிரான்ஸ் அதற்கப்புறம் உருகுவேயோடு டிரா, டென்மார்க்கிடம் 2-0 தோல்வி என்று ஒரு கோல்கூட அடிக்காமல் மூட்டை கட்டியது. செனகல் காலிறுதி வரை போய், துருக்கியிடம் கூடுதல் நேரத்தில் தங்க கோலில் தோற்றது.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியதும், அன்றைக்குப் பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு ஆட்டம் சொன்னார்கள்! உப்பளம் மைதானத்தில் காலையில் நடக்க வரும் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், "ஜிதான் கடைசி நிமிஷத்துல பெனால்டியக் கோட்டை விட்டாரே, என் கண்ணால பார்த்தேன்" என்றார். ஜிதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது. மிஷன் வீதியில் போட்டோ பிரேம் கடை வைத்திருப்பவர் ரெண்டு கோல் என்று சாதித்தார். தன் சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பிரான்ஸில் இருக்கும் ஒரு டீச்சரம்மா சொன்னது வேறு ரகம். "ஆட்டம் ஞாபகமே இல்லைங்க. அன்னிக்கு எங்க மாமியார் சாம்பார் செஞ்சு யாரும் சாப்பிடல. அதுதான் ஞாபகம்." நான் கேட்டதிலேயே நம்பத் தகுந்த சாட்சியம் இதுதான்.

நான் நினைவில் வைத்திருப்பது ஆட்டத்துக்குப் பிறகு நடந்ததை.

எல்லோரும் போன பிறகு தாத்தா டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். "வருத்தமா தாத்தா?" என்று கேட்டேன்.

"எதுக்குடா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்கர்ல ரெண்டு வருஷம் இருந்தேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. இந்தோசீனா கதைதான் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறோம்.

டாக்கர் முகாமில் ஒரு செனகல்காரர் கூட இருந்தாராம். அதற்கு முன் இந்தோசீனாவிலும் ஒரே பிரிவு. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தாத்தாவுக்கு மலேரியா வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு நாலு மைல் நடந்தவர். "நம்ம கறுப்புக்கு அவன் கறுப்பு ரெண்டு பூச்சு ஜாஸ்தி, அவ்ளோதான் வித்தியாசம். அவனும் பதினஞ்சு வருஷம், நானும் பதினஞ்சு வருஷம்."

1960ல் செனகல் விடுதலை அடைந்தது. அந்த நண்பர் செனகல் குடிமகன் ஆனார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1959 டிசம்பரில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. விடுதலையடைந்த முன்னாள் காலனிகளின் குடிமக்களுக்கு, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்ததற்கான பென்ஷன் அன்றைய அளவிலேயே உறைந்துவிடும். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர்பவருக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரே துப்பாக்கி, ஒரே வருஷங்கள். ஒருவருக்குக் குருசுக்குப்பத்தில் மாடி வீடு, பெரிய டிவி. இன்னொருவருக்கு?

"லெட்டர் போடுவான். எனக்கு எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை கேட்டான். நான் எழுதல. எப்படி எழுதுறது? அப்புறம் அவனும் எழுதல." தாத்தா இதைச் சொல்லும்போது டிவியில் அந்த மூலைக் கொடி ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அதுல ஒருத்தன் அவன் பேரனா இருந்தாலும் இருக்கும்" என்றார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கூடத்தில் லைட் போடவில்லை.

பிற்பாடு படித்தபோது தெரிந்துகொண்டது இது. அமாது தியோப் என்று ஒரு செனகல்காரர். 1937ல் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1959 வரை வேலை பார்த்தவர். உறைந்துபோன பென்ஷனை எதிர்த்துப் பிரான்ஸிலேயே வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை அவர் உயிரோடு இல்லை. 2001 நவம்பர் 30ஆம் தேதி பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம், குடியுரிமையைக் காரணம் காட்டி இப்படிப் பாகுபாடு செய்வது செல்லாது என்று சொன்னது. சரியாக ஆறு மாசம் கழித்து சியோலில் கோல் அடித்தவர் பெயரும் தியோப். உறவெல்லாம் இல்லை, செனகலில் தியோப் என்பது நம்மூரில் குமார் மாதிரி. ஆனாலும் எனக்கு அந்த இரண்டு தியோப்பையும் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை. தீர்ப்புக்குப் பிறகும் அரசாங்கம் சுற்றி வளைத்தது. 2006ல் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி 'இன்டிஜேன்' என்று ஒரு சினிமா வந்து, ஜனாதிபதி சிராக் அதைப் பார்த்த பிறகுதான் போர் வீரர் பென்ஷன்களைச் சமமாக்குவதாக அறிவித்தார்கள். முழுசாகச் சரியாவதற்கு இன்னும் சில வருஷங்கள் பிடித்தன. அதற்குள் எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள்?

செனகலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். 1848ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் புதுச்சேரிக்கு ஒரு பிரதிநிதி என்று இடம் கொடுத்தபோது செனகலுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதற்கும் முன்னாலிருந்தே இங்கே நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணி கப்பல் ஏறிச் செனகல் ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. 'கினே' என்று அதற்குப் பெயர். அங்கே கருவேலம் பிசின் வாங்க அந்தத் துணிதான் பணம். ஒரு துண்டுக்கு இவ்வளவு பிசின் என்று கணக்கு! நோட்டும் நாணயமும் செல்லாத இடத்தில் புதுச்சேரித் துணி செல்லியிருக்கிறது. என் தாத்தா ஷிப்ட்டுப் பார்த்த ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., பிற்காலத்தில் வந்தது. அதுவும் 2020ல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது சங்கு ஊதாத கட்டடத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. வேறு தெருவாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

செனகல் கீதத்தை எழுதியவர் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியும் கவிஞருமான செங்கோர். திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு இருக்குமா என்று தேடச் சொல்லி, டாக்கர் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஏற்பாடு செய்தவர். பேராசிரியர் க.ப. அறவாணன் அங்கே போய் ஆராய்ந்தவர். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அந்த மொழி உறவைப் பற்றி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். தாத்தா எழுந்து நின்றது செங்கோருக்காக இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தாத்தா 2009ல் காலமானார். சவப்பெட்டி மேல் மூவர்ணக் கொடி போர்த்தினார்கள், நீலம், வெள்ளை, சிவப்பு. பேரன் அப்போதே பிரான்ஸுக்குப் போய்விட்டான். அலமாரியில் அவர் வைத்திருந்த காகிதங்களை அடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன். பென்ஷன் புத்தகம், பதக்கப் பெட்டி, சைகோனில் எடுத்த போட்டோ. டாக்கர் முத்திரை போட்ட உறைகள் ஏழு இருந்தன. எட்டாவதாக ஒன்று, புதுச்சேரியிலிருந்து எழுதியது. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, அனுப்பாமல் வைத்திருந்தார். ஒட்டியிருந்தார்கள். நாங்கள் யாரும் பிரிக்கவில்லை. பேரன் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனான்.

பாப்பா பூபா தியோப் 2020 நவம்பர் 29ஆம் தேதி இறந்துபோனார். நாற்பத்திரண்டே வயசு. அன்றைக்குச் செனகல் கேப்டனாக ஆடிய அலியூ சிஸ்ஸே, கோச்சாகி 2022ல் தன் நாட்டுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2025 ஜூலையில் டாக்கரில் கடைசி பிரெஞ்சு ராணுவ முகாமும் செனகல் கைக்கு வந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். தாத்தா இருந்தால் கத்தரித்து வைத்திருப்பார்.

2025 டிசம்பர் 5ஆம் தேதி ராத்திரி பேரனிடமிருந்து போன். அடுத்த உலகக் கோப்பைக்குக் குலுக்கல் எடுத்திருந்தார்கள்.

"அண்ணா, பார்த்தீங்களா? மறுபடியும் செனகல்! முதல் மேட்ச்சே!"

"இந்தத் தடவை யாரு பக்கம்டா?"

"இது என்ன கேள்வி, பிரான்ஸ்தான்" என்றான். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "ஆனா ரெண்டு பாட்டுக்கும் நிப்பேன்."

மறுநாள் காலையில் இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். இப்போது வண்டியை அவர் மகன் தள்ளுகிறான், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்கிறார். ஆட்டம் அமெரிக்காவில், நம்மூருக்கு நடுராத்திரி தாண்டிவிடும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம ஆளுங்க வெள்ளைச் சட்டைதானே?" என்றார்.